தலையெழுத்தும் தலைக்குள் ஓடும் இரத்தமும்

(மதுரையை அடுத்த ஒரு கிராமத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், வயது முதிர்ந்த காலத்தில் மனிதருக்கு ஏற்படும் ஞாபகக் குறைவைப் பற்றியதாகும். இந்த மேடையில் வழக்கமாய்ப் பேசப்படும் விஷயங்களை எதிர்பார்த்து வந்த சிலர், "இதென்ன, ஆஸ்பத்திரிப் பேச்சாய் இருக்கின்றதே!" என்று நினைக்கக்கூடும். அவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டுகின்றோம். எதையும் அறிவைக்கொண்டு சிந்தித்துப் பாருங்கள் என்று இத்தனை வருஷ காலமாய் ஊர் ஊராய்ச் சொல்லி வருகின்றோமே, அந்த அறிவு எங்கே இருக்கின்றது? மண்டைக்குள் ஏறக்குறைய 1,400 கிராம் எடையுள்ள ஓர் உறுப்பில் இருக்கின்றது. அந்த உறுப்பு கெட்டுப்போனால் மனிதன் எதைக்கொண்டு சிந்திப்பான்? எதைக்கொண்டு நல்லது கெட்டது பிரிப்பான்? ஆகவே அறிவைப் பற்றிப் பேசுகின்றவர்கள், அறிவு குடியிருக்கும் வீட்டைப் பற்றியும் பேசித்தான் ஆகவேண்டும்.

நமக்கு நன்றாய்த் தெரிந்த பெரியவர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். மதுரையில் தறித் தொழில். முப்பது வருஷ காலம் நெசவாளர் சங்கம் ஒன்றுக்குக் கணக்கு எழுதினவர். நூல் எத்தனை கட்டு வந்தது, எந்தத் தறிக்கு எவ்வளவு கூலி பாக்கி என்பதைப் புத்தகத்தைத் திறக்காமலே சொல்லக்கூடியவர். ஐம்பது வயதில் ஒரு வைத்திய முகாமில் அவருக்கு அளந்து பார்த்து, "இரத்தக் கொதிப்பு இருக்கின்றது, தினம் ஒரு மாத்திரை விடாமல் சாப்பிட வேண்டும்" என்று சொன்னார்கள். ஒரு மாத காலம் சாப்பிட்டார். பிறகு, "வலி இல்லை, மயக்கம் இல்லை, எனக்கென்ன கேடு?" என்று நிறுத்திவிட்டார். நாமும் அப்போது அவரைக் கண்டித்துச் சொல்லவில்லை. அந்த மட்டில் நம் பேரிலும் குற்றமுண்டு.

அவருக்கு 62 வயதில் ஒரு நாள் காலையில் வாய் சற்றுக் குழறிற்று. மத்தியானத்திற்குள் சரியாய்ப் போயிற்று. வாயு என்று சொல்லி வெந்நீரும் பெருங்காயமும் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவருடைய கூட்டலில் தப்பு வர ஆரம்பித்தது. ஆறேழு மாதம் அந்த அளவிலேயே இருந்தது. பின்னொரு நாள் திடீரென்று இன்னொரு படி இறங்கிற்று. இப்படியே நின்று நின்று படியிறங்கி, கடைசியில் ஒரு சாயங்காலம் தெற்குமாசி வீதியில் நின்றுகொண்டு, தான் பிறந்து வளர்ந்த வீட்டுக்கு வழி கேட்டார். அந்த வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது.

வீட்டார் என்ன செய்தார்கள்? அவருடைய சம்சாரம் கோடாங்கியிடம் போனார். கோடாங்கி உடுக்கையை அடித்து, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றான். அதை எடுப்பதற்குப் பணமும் கோழியும் வாங்கிக்கொண்டான். அண்ணன்காரர் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியரிடம் போனார். சனி பார்க்கின்றது என்று பதில் வந்தது. மருமகன் கலாசாலையில் படித்துப் பட்டம் வாங்கினவர். அவர் இதையெல்லாம் கேட்டுச் சிரித்துவிட்டு, "வயதானால் அப்படித்தான் இருக்கும், விடுங்கள்" என்றார்.

தோழர்களே! மூன்று பேரும் மூன்று விதமாய்ச் சொன்னார்கள் என்று நீங்கள் நினைக்கின்றீர்கள். நம்முடைய அபிப்பிராயம் அப்படியல்ல. செய்வினை என்றாலும், சனி என்றாலும், வயது என்றாலும் அர்த்தம் ஒன்றேயாகும். அதாவது நம் கையில் ஒன்றுமில்லை என்பதுதான். கோடாங்கிக்காவது அதில் வயிற்றுப் பிழைப்பு இருக்கின்றது. படித்த மருமகனுக்கு அதுவும் கிடையாதே! அதனால்தான் அவர் பேரில் நமக்கு வருத்தம் அதிகம்.

நம் கையில் ஒன்றுமில்லை என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் பாருங்கள். நமக்குத் தெற்கே விருதுநகர் ஜில்லாவிலும் அதைச் சுற்றியுள்ள பக்கங்களிலும் தலைக்கூத்தல் என்று ஒரு வழக்கம் இருந்து வந்ததை நீங்கள் அறிவீர்கள். படுத்த படுக்கையாகிவிட்ட கிழவன் கிழவிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, அதோடு ஆளை அனுப்பிவைப்பதற்குத்தான் இந்தப் பெயர். 2010இல் இந்தச் சங்கதி பத்திரிகைகளில் வெளிவந்து ஊரெல்லாம் திடுக்கிட்டது. செய்தவர்களில் பலர் ராட்சதர்கள் அல்லர். ஏழைகள்; பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர்கள். "இனி ஆகப்போவது ஒன்றுமில்லை" என்று தீர்மானித்துவிட்டவர்கள். பெற்ற மகனின் முகம் தெரியாமல் போன கிழவிக்கு வரும் ஆபத்து, நோயினால் மாத்திரமல்ல. அந்தத் தீர்மானத்தினாலும் வருகின்றது.

தலையெழுத்து என்கின்றார்களே, அது என்னவென்று முதலில் பார்ப்போம். சுடுகாட்டில் கிடக்கும் மண்டையோட்டில் நெளிநெளியாய்ச் சில கோடுகள் இருக்கும். அதைக் காட்டி, "இதோ பார், பிரமன் எழுதின எழுத்து" என்று நம் பாட்டன்மார் சொல்லிக் கொடுத்தார்கள். வைத்தியக் கல்லூரியில் படிக்கும் பிள்ளையைக் கேட்டால், அது மண்டையின் எலும்புகள் ஒன்றோடொன்று பொருந்தின தையல் என்று சொல்லும். ராஜாவின் மண்டையிலும் தோட்டியின் மண்டையிலும் அதே இடத்தில் அதே தையல்தான். ஆளுக்கொரு எழுத்து எழுதுகின்றவன் எல்லோருக்கும் ஒரே எழுத்தை எழுதுவானா என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த ஓட்டுக்கு உள்ளே இருப்பதுதான் விசேஷம். மூளையின் எடை நம் சரீர எடையில் 100க்கு 2 பங்குதான். ஆனால் நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட, உடம்பு செலவழிக்கும் பிராணவாயுவில் 100க்கு 20 பங்கை அதுவே எடுத்துக்கொள்கின்றது. நிமிஷத்துக்கு ஏறக்குறைய முக்கால் லிட்டர் இரத்தம் அதற்குப் போய்க்கொண்டே இருக்கவேண்டும். வயிற்றுக்குச் சோறு இல்லாவிட்டால் மனிதன் பல நாள் தாங்குவான். மூளைக்கு இரத்தம் நின்றால் பத்து விநாடிக்குள் நினைவு தப்பிவிடும். குதிரில் நெல் சேர்த்து வைப்பதுபோல் மூளை எதையும் அதிகமாய்ச் சேர்த்து வைத்துக்கொள்வதில்லை. அன்றாடங்காய்ச்சிக் குடும்பத்தைப்போல அவ்வப்போது வருவதைக்கொண்டுதான் அது ஜீவிக்கின்றது.

நினைப்பதற்கும் இரத்தத்துக்கும் சம்பந்தமுண்டு என்பதைக் கண்ணால் பார்த்த கதை ஒன்று இருக்கின்றது. இத்தாலி தேசத்தில் டூரின் நகரில் ஆஞ்செலோ மோஸ்ஸோ என்று உடலியல் பேராசிரியர் ஒருவர் இருந்தார். 1880ஐ ஒட்டிய வருஷங்களில் பெர்த்தினோ என்னும் குடியானவனை அவர் பரிசோதித்தார். மண்டையில் அடிபட்டு எலும்பு போனதால், அவனுடைய மூளை துடிப்பதை வெளியிலிருந்தே கருவி வைத்து அளக்க முடிந்தது. ஒரு நாள் மத்தியானம் மாதா கோயில் மணி அடித்தது. உடனே மூளையின் துடிப்பு அதிகரித்தது. "மணிச் சத்தத்தைக் கேட்டதும் ஜெபம் சொல்ல வேண்டுமென்ற நினைவு வந்ததோ?" என்று கேட்டார். ஆமென்றான்; அப்போதும் துடிப்பு ஏறிற்று. பிறகு எட்டைப் பன்னிரண்டால் பெருக்கு என்றார். கேள்வி கேட்டபோது ஒரு தடவையும், விடை சொன்னபோது ஒரு தடவையும் துடிப்பு ஏறிற்று. ஜெப நினைவுக்கும் வாய்ப்பாட்டுக்கும் இரத்தம் ஒன்றுதான் என்பதை நாம் சொல்லவில்லை, கருவி சொல்லிற்று. இன்று மூளையைப் படம் பிடிக்கும் பெரிய யந்திரங்களும், வேலை செய்யும் இடத்துக்கு இரத்தம் அதிகமாய் ஓடுகின்றது என்ற இந்த ஒரே சங்கதியை வைத்துத்தான் வேலை செய்கின்றன.

இனி, அந்த இரத்தம் போகும் பாதையைக் கவனியுங்கள். நீங்கள் விவசாயிகள், உங்களுக்கு இதை விளக்குவது சுலபம். பெரியாற்று அணையை 1895இல் திறந்த நாள் முதல், அந்தத் தண்ணீர் வாய்க்கால் வழியாய் மேலூர்ச் சீமைக் கடைமடை வரை போகவேண்டுமென்று ஏற்பாடு. தண்ணீர் குறைந்தாலும், வாய்க்காலில் மண் மேவினாலும், கரை உடைந்தாலும் முதலில் காய்வது எந்த வயல்? தலைமடைக்காரன் வயலா? இல்லை. கடைமடைக்காரன் வயல்தான். மூளையின் உட்பாகமும் கடைமடைதான். அங்கே போகும் குழாய்கள் மயிரைப்போல் மெல்லியவை. ஒன்று அடைத்தால் பக்கத்து வாய்க்காலிலிருந்து திருப்பிவிடுவதற்குப் பெரும்பாலும் வழி கிடையாது.

இளமையில் இருதயத்திலிருந்து புறப்படும் பெருங்குழாய் ரப்பரைப்போல் விரிந்து கொடுக்கும். இருதயம் அடிக்கும் ஒவ்வோர் அடியின் வேகத்தையும் அது தாங்கிக்கொண்டு, அப்பால் இருக்கும் சிறு குழாய்களுக்கு மெதுவாய் அனுப்பும். வயது ஏற ஏறக் குழாய் விறைத்துப்போகின்றது. இரத்தக் கொதிப்பும், சர்க்கரையும், பீடியும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரமாய் விறைக்கின்றது. அப்போது அடியின் வேகம் குறையாமல் மெல்லிய குழாய்கள்வரை போய் மோதுகின்றது. தினமும் லட்சம் தடவை! அவை தடித்து, உட்புறம் குறுகி, சில இடங்களில் அடைத்தும் சில இடங்களில் கசிந்தும் போகின்றன. கை கால் விழுந்துவிட்டால் பக்கவாதம் என்று ஊரே கூடிவிடும். ஆனால் ஊசிமுனை அளவு இடம் மூளைக்குள் செத்தால் யாருக்குத் தெரியும்? ஆளுக்கே தெரியாது. ஒன்று செத்து, இரண்டு செத்து, பத்தும் இருபதும் ஆனபிறகு, "தாத்தா முன்னைப்போல் இல்லையே" என்கின்றோம். நம் கணக்கப்பிள்ளைக்கு வந்தது இதுவேயாகும். "இரத்தக் கொதிப்பு" என்று பேர் வைத்தவர்களும் ஒரு கெடுதி செய்துவிட்டார்கள். கொதிப்பு என்றால் சூடு என்று எண்ணி, மோரும் இளநீரும் குடித்துத் தணிக்கப் பார்க்கின்றார்கள். அது சூடல்ல, குழாயின் சுவரில் விழும் அழுத்தம். மோர் குடித்தால் தாகம் தணியும். அழுத்தம் மருந்துக்குத்தான் தணியும்.

மறதி நோய் எல்லாமே இரத்தக் குழாயால் வருவது என்று நாம் சொல்ல வரவில்லை. ஜெர்மனி டாக்டர் அலாய்ஸ் ஆல்ஸைமர் 1906இல் எடுத்துச் சொன்ன நோய் வேறு வகை. அதில் மூளைக்குள் ஒருவிதப் புரதக் கசடு படிந்து நரம்பணுக்கள் அழிகின்றன. முதுமை மறதியில் அதிகமாய்க் காணப்படுவதும் அதுவே. அப்படியானால் அதற்கும் இரத்தக் குழாய்க்கும் சம்பந்தமில்லையா என்றால், இருக்கின்றது. அமெரிக்காவில் கிறிஸ்தவக் கன்னிகாஸ்திரீகள் சிலர், தாங்கள் செத்தபின் தங்கள் மூளையைப் பரிசோதித்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். எல்லோரும் படித்தவர்கள், ஏறக்குறைய ஒரே விதமான வாழ்க்கை. 102 பேருடைய மூளையைப் பார்த்ததன் முடிவு 1997இல் வெளியாயிற்று. ஆல்ஸைமர் கசடு போதுமான அளவு படிந்திருந்தவர்களில், மூளைக்குள் இரத்தக் குழாய் அடைப்பு ஏதும் இல்லாதவர்களில் 100க்கு 57 பேருக்குத்தான் உயிரோடிருந்தபோது மறதி நோய் வெளித் தெரிந்தது. உட்பாகத்தில் சிறு அடைப்பு இருந்தவர்களிலோ 100க்கு 93 பேருக்குத் தெரிந்தது. எல்லோரும் தினமும் தவறாமல் ஜெபம் செய்தவர்கள்தான். ஆகையால் வித்தியாசம் ஜெபத்தில் இல்லை, குழாயில் இருந்தது. நாம் இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. சாகும்போதுகூட உலகத்துக்கு உபயோகப்படவேண்டும் என்று தங்கள் மூளையையே கொடுத்த அந்தப் பெண்களுக்கு நாம் தலைவணங்குகின்றோம். நம்மில் எத்தனை பேர் அதற்குத் தயார்?

சரி, அழுத்தத்தைக் குறைத்தால் ஞாபகம் நிற்குமா? இதையும் சோதித்துப் பார்த்திருக்கின்றார்கள். அமெரிக்காவில் 50 வயதுக்கு மேற்பட்ட 9,361 பேரை இரண்டு கட்சியாய்ப் பிரித்து, ஒரு கட்சிக்கு மேல் அழுத்தத்தை 140க்குக் கீழும், மறு கட்சிக்கு 120க்குக் கீழும் வைக்க மருந்து கொடுத்தார்கள். 2019இல் முடிவு வெளிவந்தது. 120 கட்சியில், மறதியின் ஆரம்ப நிலை 100க்கு 19 பங்கு குறைந்திருந்தது. நோய் முற்றினவர்களும் அக்கட்சியில் குறைவுதான். ஆனால் அந்தக் குறைவு தற்செயலாயும் இருக்கலாம் என்று ஆராய்ச்சி செய்தவர்களே ஒப்புக்கொண்டார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் யோக்கியதை அங்கே இருக்கின்றது. கோடாங்கி என்றைக்காவது அப்படிச் சொன்னதுண்டா? பிறகு 2025இல் சீனாவிலிருந்து முடிவு வந்தது. இது முழுக்கக் கிராமத்துச் சங்கதி. 326 கிராமங்கள், 40 வயதுக்கு மேற்பட்ட ஏறக்குறைய 34,000 பேர். பெரிய டாக்டர்கள் அல்ல, கிராமத்துச் சாதாரண வைத்திய ஊழியர்களே அளந்து, மாத்திரை கொடுத்து, வீட்டில் அளந்துகொள்ளவும் கற்றுக்கொடுத்து நான்கு வருஷம் கவனித்தார்கள். அப்படிக் கவனித்த கிராமங்களில் முற்றின மறதி நோயே 100க்கு 15 பங்கு குறைந்துவிட்டது. மேலநாட்டு ஆஸ்பத்திரி வேண்டியதில்லை; அளக்கும் கருவியும், மாத்திரையும், விடாமல் கவனிக்கும் ஓர் ஆளும் இருந்தால் போதும் என்பதை அந்தக் கிராமத்தார் காட்டினார்கள்.

மூளைக்குள்ளிருக்கும் குழாயை உயிரோடிருப்பவன் மண்டையைத் திறந்து பார்க்க முடியுமா என்று கேட்பீர்கள். திறக்காமலே பார்க்க ஒரு ஜன்னல் இருக்கின்றது. அதுதான் கண். கண்ணின் பின்புறமுள்ள விழித்திரை, கரு வளரும்போது மூளையிலிருந்தே முளைத்து வந்த பாகமாகும். உடம்பை அறுக்காமல் இரத்தக் குழாயை நேராய்ப் பார்க்கக்கூடிய இடம் அது ஒன்றே. இதில் நம் மதுரைக்குப் பெருமை உண்டு. டாக்டர் கோ. வெங்கடசாமி சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் 1976இல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை அறியாதவர் இங்கு யார்? உங்கள் ஊர் முகாமிலிருந்து வண்டியேறிப்போய்க் கண்புரை எடுத்துக்கொண்டு வந்தவர்களே இக்கூட்டத்தில் இருப்பீர்கள். சர்க்கரை நோயினால் விழித்திரை கெடுவதை யந்திரமே படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி ஒன்றை கூகுள் கம்பெனியார் 2016இல் வெளியிட்டார்கள். அதற்கு உபயோகப்பட்ட படங்களில் இந்த ஆஸ்பத்திரியில் எடுத்தவையும் உண்டு. அதே கூட்டத்தார் 2018இல், விழித்திரைப் படம் ஒன்றைக்கொண்டே ஆளின் வயது, பீடி சிகரெட் பழக்கம், இரத்த அழுத்தம் இவைகளை யந்திரம் ஓரளவு மதிப்பிடுகின்றது என்று காட்டினார்கள். அந்தப் படங்கள் இங்கிலாந்து, அமெரிக்கா தேசத்தாருடையவை. ஆகவே கைரேகை பார்ப்பதை விட்டுவிட்டு, இனி கண்ணின் ரேகையைப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கின்றோம். கைரேகைக்காரன் மேலுலகத்தைச் சொல்லுவான். கண் டாக்டர், "உனக்குக் கொதிப்பு இருக்கின்றது, போய் அளந்துகொள்" என்று சொல்லுவார்.

நம் நாட்டு நிலைமை எப்படி? 2020இல் தமிழ்நாட்டில் 18 முதல் 69 வயது வரையுள்ளவர்களிடம் எடுத்த கணக்குப்படி, 100க்கு 34 பேருக்கு இரத்தக் கொதிப்பு உண்டு. கொதிப்புள்ள 100 பேரில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஏழு பேர்! மற்ற 93 பேர் வீட்டிலும் வாய்க்கால் கரை அரித்துக்கொண்டே இருக்கின்றது. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான், 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் தொடங்கி, மக்களைத் தேடி மருத்துவம் என்ற பெயரால் வீட்டு வாசலுக்கே வந்து அளந்து மாத்திரை கொடுக்கும் திட்டத்தைச் சர்க்கார் கொண்டுவந்தது. சர்க்காரைப் புகழ்வது நம் தொழில் அல்ல. ஆனால் நல்லதை நல்லது என்று சொல்லாமலிருப்பதும் ஒழுங்கல்ல. வாசலுக்கு வந்த மாத்திரையை நாம் என்ன செய்கின்றோம்? டப்பாவில் போட்டு மாடத்தில் வைக்கின்றோம். வெள்ளிக்கிழமை விரதமென்று நிறுத்துகின்றோம். கல்யாணத்துக்கு வெளியூர் போனால் மறந்துவிடுகின்றோம். "பழகிவிடும்" என்று பயப்படுகின்றோம். சோறு பழகிவிட்டதே, அதை யாராவது நிறுத்தினோமா? தலை சுற்றவில்லை, அதனால் கொதிப்பு இல்லை என்கின்றோம். அது சத்தமில்லாமல் இருப்பதுதான் அதன் பொல்லாத்தனமே.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். சொன்னால் தாய்மார்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகின்றது. அது ஒரு தேக்கரண்டி. நம் வீட்டில் கஞ்சிக்கு ஊறுகாய், சோற்றுக்குக் கருவாடு, வெஞ்சனத்துக்கு வத்தல், அப்பளம். ராத்திரி கடையில் பரோட்டா, சால்னா. தேக்கரண்டிக் கணக்கு எங்கே நிற்கும்? உப்பு வயலில் வேர்வை சிந்துகின்றவனுக்கு வேண்டும் என்பார்கள். அந்தக் காலத்தில் வயலுக்கு நடந்துபோனார்கள். இப்போது பக்கத்துத் தெரு டீக்கடைக்கும் மோட்டார் சைக்கிள். 2011இல் அமெரிக்காவில் 120 முதியவர்களைக்கொண்டு ஒரு பரிசோதனை நடந்தது. பாதிப்பேரை வாரம் மூன்று நாள், நாற்பது நிமிஷம்வரை வேகமாய் நடக்கச் செய்தார்கள். மற்றவர்கள் கை கால் நீட்டி மடக்கினார்கள். ஒரு வருஷத்தில், ஞாபகத்துக்கு முக்கியமான மூளைப் பாகம் நடந்தவர்களுக்கு 100க்கு 2 பங்கு பெருத்திருந்தது, மற்றவர்களுக்குச் சுருங்கியிருந்தது. சித்திரைத் திருவிழாவில் அழகர் பின்னாலேயே மைல் கணக்காய் நடக்கின்றீர்களே, அந்த நடையை வருஷத்தில் மற்ற நாளிலும் நடந்தால் போதும். அழகர் வேண்டியதில்லை.

அடுத்து நாம் சொல்லப்போவதுதான் இந்த மேடைக்கு மிகவும் நெருங்கிய சங்கதி. இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100க்கு 7 பேருக்கு மேல், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருக்கின்றதென்று 2023இல் கணக்கு வெளியாயிற்று. யாருக்கு அதிகம்? ஆண்களைவிடப் பெண்களுக்கு. பட்டணத்தைவிடக் கிராமத்தாருக்கு. படித்தவர்களைவிடப் படிக்காதவர்களுக்கு. 2024இல் லான்செட் என்னும் வைத்தியப் பத்திரிகையில் நிபுணர் குழு ஒன்று, மறதி நோய்க்குத் தடுக்கக்கூடிய காரணங்களாய் 14ஐக் குறிப்பிட்டது. அவைகளையெல்லாம் நீக்கினால் உலகத்தில் 100க்கு 45 பங்கு மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடுமென்று மதிப்பிட்டது. கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு, புகை, குடி, உடலுழைப்பின்மை எல்லாம் அதில் உண்டு. முதலில் நிற்பது எது? சிறு வயதில் கல்வி இல்லாமை! பள்ளிக்கூடத்தில் உழைத்த மூளை, பிற்காலத்தில் கொஞ்சம் சேதப்பட்டாலும் வேறு வழியாய்ச் சமாளித்துக்கொள்கின்றது என்பது ஆராய்ச்சிக்காரர்களின் கருத்து.

இப்போது எழுபது எண்பது வயதாகும் நம் தாய்மார்களை நினைத்துப் பாருங்கள். அவர்களுக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் யார் தடுத்தது? பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்றது யார்? இன்ன சாதிப் பிள்ளை எங்கள் பிள்ளையோடு உட்காரக்கூடாது என்றது யார்? அன்றைக்குப் பிடுங்கிக்கொண்டது ஒரு சிலேட்டை மாத்திரம் என்று எண்ணினோம். எழுபது வருஷம் கழித்து அந்தக் கிழவி தன் பேரப்பிள்ளையின் பேரை மறக்கும்போதும் அந்தப் பிடுங்கல் அதில் பங்கு கேட்டு வந்து நிற்கின்றது. இதைத் தலையெழுத்து என்றால், எழுதின கை நம் ஊர்க்காரன் கைதான்.

படிப்பு ஒன்றுதான் மூளைக்கு வேலை என்பதில்லை. ஹைதராபாத்தில் மறதி நோய் கண்ட 648 பேரைப் பரிசோதித்து 2013இல் வெளியிட்ட முடிவில், இரண்டு மொழி பேசினவர்களுக்கு ஒரு மொழி பேசினவர்களைவிட நாலரை வருஷம் தாமதமாய் நோய் வந்ததாய்க் கண்டார்கள். எழுத்து வாசனையே அறியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது. வீட்டில் சௌராஷ்டிரமும் தெலுங்கும், கடைத்தெருவில் தமிழும் பேசும் மதுரைத் தொழிலாளி இதைக் கேட்டுச் சந்தோஷப்படலாம். ஆனால் இதைச் சாக்காய் வைத்துக்கொண்டு எவரும் ஒரு மொழியை நம் தலையில் கட்ட வந்துவிட வேண்டாம். அது பிழைப்பினாலும் பழக்கத்தினாலும் தானே வந்த மொழிகளைப் பற்றின கணக்கு.

அந்த 14இல் காது கேளாமையும், கண் தெரியாமையும், தனிமையும் இருக்கின்றன. காது கேளாத கிழவரோடு யார் பேசுகின்றார்கள்? கண் தெரியாதவர் திண்ணையை விட்டு எங்கே போவார்? கண்புரையை எடுத்துக்கொண்ட முதியவர்களுக்கு, எடுத்துக்கொள்ளாதவர்களைவிட மறதி நோய் குறைவாய் வந்ததாய் 2022இல் அமெரிக்காவிலிருந்து ஒரு ஆராய்ச்சி வெளியாயிற்று. இதைக்கொண்டு மாத்திரம் காரணம் இதுதான் என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆனாலும் கண் தெரிவது எப்படியும் லாபந்தானே! காது விஷயத்தில் ஊர்த் திருவிழாக் குழாய் ரேடியோவும் ஒரு குற்றவாளி. நம் மேடைக் குழாயும் குற்றவாளிதான். தலைவர் அவர்கள் அதைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னால் நலம்.

மறதி கண்டவர்களையெல்லாம் தீராத நோயாளி என்று தள்ளிவிடவும் கூடாது. சாவியை வைத்த இடம் மறப்பது யாருக்கும் உள்ளது. சாவி எதற்கென்பதே மறந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். தைராய்டு குறைவு, பி12 என்னும் சத்துக் குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் கோளாறு, கீழே விழுந்து மண்டைக்குள் மெதுவாய்ச் சேர்ந்த இரத்தம் இவைகளாலும் மறதியும் குழப்பமும் வரும். இவைகளுக்கு வைத்தியம் உண்டு. நேற்றுவரை நன்றாயிருந்த பாட்டி இன்று ஆளைத் தெரியாமல் உளறினால் அது பேயுமல்ல, வயதுமல்ல. மூத்திரத் தாரையில் சீழோ, நுரையீரலில் காய்ச்சலோ இருக்கக்கூடும். அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். அதுபோலவே வாய் கோணினாலும், ஒரு கை விழுந்தாலும், பேச்சுக் குழறினாலும் புறா இரத்தம் தடவிக்கொண்டு நிற்காதீர்கள். அடைத்த கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேரந்தான் கெடு. அதிலும் படம் எடுத்துப் பார்த்துத்தான் கொடுக்கவேண்டும். மத்தியானத்துக்குள் தானாய்ச் சரியாய்ப்போனாலும் போகவேண்டும். நம் கணக்கப்பிள்ளைக்கு அந்த முதல் நாள் காலையே எச்சரிக்கை வந்தது. வாயு என்று சொல்லி அதை அனுப்பிவிட்டோம்.

அவர் இன்னும் ஜீவித்திருக்கின்றார். அவருடைய பேத்தி ஒரு காரியம் செய்திருக்கின்றது. கதவில் பெரிய எழுத்தில் "இது உங்கள் வீடு" என்றும், குளிக்கும் அறையில் "குளிக்கும் இடம்" என்றும் எழுதி ஒட்டியிருக்கின்றது. தினம் காலையில் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய நூல் கணக்குப் புத்தகத்தை எடுத்துக் கொடுக்கின்றது. அவர் விரலை வைத்துக்கொண்டு வரிவரியாய்ப் பார்க்கின்றார். கூட்டத் தெரியவில்லை, ஆனாலும் கை நடுக்கம் நின்றுவிடுகின்றது. தாயத்தை அந்தப் பெண்ணே கழற்றிவிட்டது. கொதிப்பு மாத்திரையை அதே கொடுக்கின்றது.

நேரமாய்விட்டது. பந்தலின் கீழ்ப்புறத்தில் நம் தோழர் ஒருவர் அளக்கும் கருவியோடு உட்கார்ந்திருக்கின்றார். முப்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லோரும் வரலாம். வருகின்றவர்கள் அரைமணி நேரத்துக்குமுன் பீடியோ காப்பியோ குடித்திருக்கக்கூடாது. ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்துக்கு மேஜைமேல் வைத்து, பேசாமல் இருக்கவேண்டும். 140க்கு மேலோ, கீழ் அளவு 90க்கு மேலோ வந்தால் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் இன்னொரு நாளும் அளந்து பார்க்கவேண்டும். ஒரு தடவை ஏறினதைக்கொண்டு பயப்பட வேண்டாம். நாம் வரும்போதே அளந்துகொண்டோம், 148 காட்டிற்று. தாய்மார்கள் முதலில் போகட்டும். ஆண்கள் அதுவரை நாற்காலிகளை மடக்கி வையுங்கள்.